பார்மசி சேரும் மகளுக்கு உதவித்தொகை: யாருடைய வருமானத்தைப் பார்ப்பார்கள்?

எடிசன்_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருக்கிறோம். குடும்பத்தில் அனைவருக்கும் க்ரீன் கார்டு உண்டு. மூத்த மகளுக்கு 23 வயது, வரும் நவம்பரில் 24 முடிகிறது. டிகிரி முடித்து, ஒரு மருந்துக் கடையில் டெக்னீஷியன் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த 2025 ஆகஸ்டில் டாக்டர் ஆஃப் பார்மசி படிப்பில் சேரப் போகிறாள். நான்கு வருடப் படிப்பு.

கல்லூரியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. மத்திய அரசின் சுகாதாரத் துறைப் பணத்தில் வசதி குறைந்த மாணவர்களுக்கு உதவித்தொகையும் குறைந்த வட்டிக் கடனும் இருக்கிறதாம். குடும்ப வருமானம் கேட்டிருக்கிறார்கள், பெற்றோர் கையெழுத்தும் கேட்டிருக்கிறார்கள். மகளோ நிரப்பவே மாட்டேன் என்கிறாள். "நமக்குச் சாப்பாட்டுக்கா கஷ்டம்? அப்பா வேலைக்குப் போகிறார். இது வேறு யாருக்கோ உள்ளது" என்கிறாள்.

கணவர் மளிகைக் கடையில் சூப்பர்வைசர். நான் டேகேரில் பகுதிநேரம். 2024 டாக்ஸ் ரிட்டர்னில் இருவரும் சேர்ந்து அறுபத்தோராயிரத்துச் சொச்சம் டாலர் வருகிறது. மகன் 11ஆம் வகுப்பு. மாமியார் இந்த ஜனவரியில்தான் க்ரீன் கார்டில் வந்து எங்களோடு இருக்கிறார். ஊரில் என் அம்மாவுக்கும் மாதா மாதம் பணம் அனுப்புகிறோம். இதையெல்லாம் கணக்கில் எடுப்பார்களா? மகள் தனி ஆளாக விண்ணப்பிக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர்_டல்லஸ்

செல்வி அக்கா, நான் வரிக் கணக்கு எழுதுகிறவன். மகள் சொல்வதை வைத்துப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இந்த உதவிகளுக்கான வரம்பு வறுமைக் கோடு அல்ல, அதைப்போல இரண்டு மடங்கு. சுகாதாரத் துறை ஆண்டுதோறும் வறுமைக் கோட்டுத் தொகையை வெளியிடும். அதன் கீழ் இயங்கும் எச்.ஆர்.எஸ்.ஏ. நிறுவனம் அதை இரட்டிப்பாக்கி, மருத்துவம், நர்சிங் போன்ற படிப்புகளுக்கான திட்டங்களில் 'குறைந்த வருமானம்' என்பதற்கு அளவாக வைத்திருக்கிறது. 2025 தொகைகளை இரட்டித்தால் ஒருவருக்கு 31,300 டாலர். அடுத்த ஒவ்வொருவருக்கும் 11,000 கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று பேருக்கு 53,300, நான்கு பேருக்கு 64,300, ஐந்து பேருக்கு 75,300. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனிக் கணக்கு.

வருமானம் என்றால் கையில் வரும் சம்பளமும் அல்ல, மொத்தச் சம்பளமும் அல்ல. முந்தைய ஆண்டு ரிட்டர்னில், அதாவது 1040 என்ற வருமான வரிப் படிவத்தில், சில கழிவுகள் போக 11ஆம் வரியில் நிற்கும் தொகை. 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் வரிக்கு முன் போட்ட பணம் அதற்குள் வராது. சம்பளம் அறுபத்தாறாயிரம் இருக்கும் வீட்டில்கூட அந்த வரியில் அறுபதாயிரம் நிற்கலாம். சம்பளத் தொகையை மட்டும் பார்த்து நமக்குக் கிடைக்காது என்று முடிவுகட்டுகிறவர்களை ஒவ்வொரு ஏப்ரலிலும் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை.

குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும் வரிப் படிவத்தில் இருப்பவர்களை வைத்துத்தான். 2024 ரிட்டர்னில் நீங்கள், கணவர், மகள், மகன் என நால்வர் இருந்தால் வரம்பு 64,300. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.

ஊரில் இருக்கும் அம்மாவைச் சேர்க்க முடியாது. வரிச் சட்டப்படி, சார்ந்திருப்பவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராகவோ, இங்கேயோ கனடாவிலோ மெக்சிகோவிலோ வசிப்பவராகவோ இருக்க வேண்டும். திருநெல்வேலிக்கு எவ்வளவு அனுப்பினாலும் இந்தக் கணக்கில் அது இல்லை. நம்மவர்கள் பல பேருக்கு உண்மையிலேயே பாரமான செலவு அதுதான், ஆனால் எந்தக் கட்டத்திலும் அதை எழுத இடமில்லை.

பருத்தித்துறை_கண்ணன்

அக்கா, நான் நியூயோர்க்கில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டு வந்த குடும்பம் எங்கட. அனுபவத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன், மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும்.

இந்த உதவித்தொகைக்குக் குடியுரிமை அல்லது க்ரீன் கார்டு வேணும். எஃப்-1 மாணவர் விசாவிலோ, வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குரிய எச்-4 விசாவிலோ இருக்கிற பிள்ளைகளுக்குக் கிடைக்காது. அசைலம் கிடைத்து, க்ரீன் கார்டு இன்னும் வராத ஆட்களுக்கும் கிடைக்காது. அவர்கள் ஃபாஃப்சா என்கிற மத்தியக் கல்வி உதவி விண்ணப்பத்தைப் போட்டு வழமையான மத்திய உதவி எடுக்கலாம். "அதுதான் கிடைச்சதே, இதுவும் கிடைக்கும்தானே" என்று நம்பி இருந்துவிடுவார்கள். இரண்டும் வேற வேற கதவு. அசைலம் கிடைத்து ஒரு வருசம் முடிந்ததும் க்ரீன் கார்டுக்குப் போடலாம். படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அதைத் தள்ளிப் போடாதையுங்கோ.

மகளிடமும் சொல்லுங்கோ. இந்த உதவித்தொகையைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. இத்தனை வருசம் இன்ன இடத்தில் வேலை செய் என்ற ஒப்பந்தமும் இல்லை. நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் என்கிற திட்டம் வேற: படிப்புச் செலவைக் கட்டிவிட்டு, டொக்டர் இல்லாத ஊர்களில் குறைந்தது இரண்டு வருசம் வேலை வாங்கும், குடியுரிமையும் கேட்கும். நர்சுகளுக்கான நர்ஸ் கோர் திட்டத்துக்கு க்ரீன் கார்டு போதும், அங்கேயும் சேவை ஒப்பந்தம் உண்டு.

சத்யா_பே_ஏரியா

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், எனக்கு இதில் நெருடல் இருக்கிறது. செல்வி அக்காவைச் சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பகுதியில் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் சிலரின் ரிட்டர்னில் ஐம்பதாயிரம்தான் இருக்கும். வாசலில் இரண்டு பெரிய கார் நிற்கும். கார், போன், வீட்டில் ஒரு அறை, எல்லாவற்றையும் தொழில் செலவாகக் கழித்திருப்பார்கள். அந்த 11ஆம் வரியை மட்டும் பார்த்தால் அவர்கள் பிள்ளைக்கும் தகுதி வந்துவிடும். ஆனால் இரண்டு ஷிப்ட் பார்க்கும் ஒரு தாய், ஓவர்டைம் சேர்ந்து வரம்பை ஆயிரம் டாலர் தாண்டியதால் வெளியே நிற்பாள். பணமும் அளவானதுதான். தகுதி இருக்கிறது என்பதற்காகவே எல்லாரும் கை நீட்டினால் நிஜமாகத் தேவைப்படுகிறவருக்கு என்ன மிஞ்சும்? உங்கள் மகளுக்குத் தோன்றிய தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

நிதியுதவி_மேசை

நான் ஒரு கல்லூரியின் பைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்ல முடியாது. சத்யா சார் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன், அது நியாயமான கேள்வி.

இந்த உதவித்தொகையை எச்.ஆர்.எஸ்.ஏ. நேரடியாக மாணவர்களுக்குக் கொடுப்பதில்லை. இந்த உதவித்தொகைத் திட்டம் 1990இல் சட்டமானது. கல்லூரிகள் போட்டியிட்டு மானியம் வாங்கும், அதிலிருந்து மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும். பணத்தில் 16 சதவீதத்துக்குக் குறையாமல் நர்சிங் கல்லூரிகளுக்குப் போக வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மானியம் வாங்காத கல்லூரியில் படித்தால், உங்கள் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தத் தொகை கிடையாது. அதனால் முதல் கேள்வி, "உங்களிடம் இந்த மானியம் இருக்கிறதா, எந்தப் படிப்புக்கு இருக்கிறது?" என்பதுதான். ஒரே பல்கலைக்கழகத்தில் நர்சிங்குக்கு இருக்கும், பார்மசிக்கு இருக்காது. செல்வி அக்காவுக்குப் படிவமே வந்திருப்பதால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தகுதிக்கு இரண்டு சோதனைகள். வசதி குறைந்த பின்னணி என்பது ஒன்று. பணத் தேவை என்பது இன்னொன்று. 11ஆம் வரி முதல் சோதனைக்கு மட்டும்தான். இரண்டாவதில் வங்கி இருப்பு, முதலீடு, வாடகைக்கு விட்ட வீடு எல்லாம் வரும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பு ஃபாஃப்சா கணக்கில் வராது. இரண்டு கார் நிற்கும் வீட்டுப் பிள்ளை முதல் சோதனையைத் தாண்டினாலும் இரண்டாவதில் பெரும்பாலும் பின்வரிசைக்குப் போய்விடுவார். முழுக்க வடிகட்டிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் சார், என் மேசையில் நான் பார்ப்பது நீங்கள் பயப்படுவதற்கு நேர்மாறு. தொழில் செய்கிறவர்களுக்கு ஆலோசகர் இருக்கிறார், எந்தப் படிவத்தையும் விட மாட்டார்கள். விட்டுவிடுகிறவர்கள் செல்வி அக்கா மகள் மாதிரிப் பிள்ளைகள். "எங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருப்பார்கள்" என்று பெருந்தன்மையாக ஒதுங்குகிறார்கள். அவர்கள் ஒதுங்கியதால் அந்தப் பணம் இன்னும் ஏழைப் பிள்ளை ஒருவருக்குத்தான் போகும் என்று எந்த உறுதியும் இல்லை. படிவம் போட்டவர்களுக்குள்தான் நாங்கள் வரிசைப்படுத்த முடியும். யாருக்குத் தேவை அதிகம் என்று பார்ப்பது எங்கள் வேலை, அதை அந்தப் பிள்ளை தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

வயது விஷயம். ஃபாஃப்சாவைப் பொறுத்தவரை மேற்படிப்பு மாணவர்கள் எல்லாரும் தனி ஆள்தான், பெற்றோர் வருமானம் கேட்க மாட்டார்கள். இந்தச் சுகாதாரத் துறைத் திட்டங்கள் பெரும்பாலும் அப்படி விடுவதில்லை, மாணவர் எந்த வீட்டிலிருந்து வந்தார் என்று பார்க்கின்றன. பெற்றோரின் விவரம் கேட்பது அதனால்தான். கடன் திட்டத்தில் மட்டும், 24 வயதாகி, குறைந்தது மூன்று ஆண்டுகள் சொந்தக் காலில் நின்றதைக் காட்டினால், பெற்றோர் கணக்கை விடுவிக்கக் கல்லூரிக்கு அதிகாரம் உண்டு. உண்டு என்றால் கட்டாயம் அல்ல. வீட்டில் தங்கி, உங்கள் ரிட்டர்னிலும் இருக்கும் மகளுக்கு அந்த வழி பொருந்தாது. உங்கள் வருமானமே வரம்புக்குள் இருக்கும்போது அது தேவையும் இல்லை.

எடிசன்_செல்வி

இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. மகளையே உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். "யாருக்குத் தேவை அதிகம் என்று நான் முடிவு பண்ண வேண்டாம், சரி, ஆனால் காலேஜில் எல்லாருக்கும் தெரிந்துவிடுமா?" என்று கேட்கிறாள். அதுதான் உண்மையான தயக்கம் போலிருக்கிறது.

இன்னொன்று. அடுத்த வருடம் அவளை எங்கள் ரிட்டர்னிலிருந்து எடுத்துவிடலாமா என்று கணவர் கேட்கிறார். எடுத்தால் அவள் வருமானம் மட்டும் என்று ஆகாதா?

நிதியுதவி_மேசை

யாருக்கும் தெரியாது, அக்கா. மாணவர்களின் நிதி விவரம் சட்டப்படி ரகசியம். வகுப்பில் அறிவிப்பதோ பலகையில் ஒட்டுவதோ கிடையாது. கணக்கில் ஒரு வரியாக வந்து விழும், அவ்வளவுதான்.

கணக்கர்_டல்லஸ்

ரிட்டர்னில் எடுப்பது பற்றி: அவசரப்படாதீர்கள், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் கணவர் நினைப்பதற்கு எதிர்ப்பக்கமாக அது வேலை செய்யும்.

முழுநேர மாணவர் என்றால் ஆண்டு முடிவில் 24 ஆகாதவரை பிள்ளையாகக் காட்டலாம். மகளுக்கு நவம்பரில் 24. அதனால் 2025 ரிட்டர்னில் அந்த வகையில் அவளைக் காட்ட முடியாது. சார்ந்திருக்கும் உறவினர் என்று காட்ட வேண்டுமானால் அவளுடைய மொத்த வருமானம் 2025இல் 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். ஜனவரி முதல் மருந்துக் கடையில் வேலை பார்த்திருக்கிறாள், தாண்டியிருப்பாள். ஆக நீங்கள் எடுக்கிறீர்களோ இல்லையோ, அவள் தானாக வெளியே போகிறாள். கல்லூரி அப்போதும் பெற்றோர் வருமானத்தைத்தான் கேட்கும், ஆனால் வீட்டில் தலைக்கணக்கு மூன்றாகிவிடும். மூன்று பேருக்கு 2025 வரம்பு 53,300. உங்கள் அறுபத்தோராயிரம் அதற்கு மேலே. ஒரு பைசா சம்பளம் ஏறாமலே வரம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

இங்கேதான் உங்கள் மாமியார் வருகிறார். க்ரீன் கார்டில் வந்து உங்களோடு இருக்கிறார், தனக்கென வருமானம் இல்லை, செலவில் பாதிக்கு மேல் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். அப்படியென்றால் 2025 ரிட்டர்னில் அவரைச் சேர்க்கலாம். அவருக்கு எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சேர்த்தால் மறுபடி நான்கு பேர். போதாததற்கு 500 டாலர் வரிச் சலுகையும் உண்டு. இரண்டாம் ஆண்டு உதவி இந்த ஒரு பெயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். தலைக்கணக்கை உங்கள் கல்லூரி ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் பார்க்கிறதா, சேர்ந்தபோது பார்த்ததையே வைத்துக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மினியாபோலிஸ்_மணி

வரம்பே சரியில்லை என்பதுதான் என் ஆதங்கம். இந்த வறுமைக் கோடு எப்படி வந்தது என்று பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்தில் பணியாற்றிய மோலி ஒர்ஷான்ஸ்கி என்ற பொருளாதார ஆய்வாளர் வகுத்த கணக்கு அது. 1955இல் எடுத்த ஒரு சர்வேயில், குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன என்று தெரிந்தது. அரசின் மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்துக்கு ஆகும் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார். அதன் பிறகு விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே வருகிறார்கள், அடிப்படை மாறவில்லை.

இன்று எந்த வீட்டில் சாப்பாடு மூன்றில் ஒரு பங்கு? வாடகையும் இன்சூரன்சும் டேகேரும் தின்றதுபோக மிச்சத்தில்தான் சாப்பாடு. அதிலும் 48 மாநிலங்களுக்கு ஒரே தொகை. மிசிசிப்பியில் 64,300 டாலரில் நான்கு பேர் கொண்ட குடும்பம் வீடு வாங்கி இருக்கலாம். எடிசனில் இரண்டு பெட்ரூம் வாடகைக்கே மூச்சு வாங்கும். 2025 தொகையில் ஹவாயில் நால்வருக்கு 73,960, அலாஸ்காவில் 80,380 என்று இரட்டிப்புக் கணக்கு வருகிறது. தூரத்து மாநிலங்களுக்குச் செலவு அதிகம் என்று ஒப்புக்கொள்கிறார்கள், நியூ ஜெர்சிக்கும் கலிபோர்னியாவுக்கும் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றால் என்ன நியாயம்?

சத்யா_பே_ஏரியா

மணி சொல்வதை முழுக்க ஏற்கிறேன். என் முதல் கேள்வியும் அங்கேதான் போய்ச் சேருகிறது. வரம்பு குத்துமதிப்பாக இருந்தால் தேவையில்லாதவர் உள்ளே வருவார், தேவையுள்ளவர் வெளியே நிற்பார். மேசையில் இருக்கிறவர் சொன்ன இரண்டாவது சோதனை ஓரளவு ஆறுதல். ஆனாலும் சொத்தை மாற்றி எழுதத் தெரிந்தவர்கள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

செல்வி அக்கா, உங்கள் மகள் கண்டிப்பாகப் போட வேண்டும். இப்போது எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

பருத்தித்துறை_கண்ணன்

வருமானம் தாண்டிப்போன ஆட்களுக்கும் சொல்கிறேன். வசதி குறைந்த பின்னணி என்றால் காசு மட்டும் இல்லை, வளர்ந்த சூழலையும் பார்ப்பார்கள். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை, படிப்பு வசதி குறைந்த பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, இப்படி. எதை எதை ஏற்றுக்கொள்வார்கள் என்று கல்லூரியிடம் கேட்க வேணும். பணத் தேவைச் சோதனை அப்பவும் உண்டு. ஆனால் மணி அண்ணா சொல்கிற வாடகைக் கணக்கால் வெளியில் நிற்கிற பிள்ளைகளுக்கு இது இரண்டாவது வழி.

செல்வி அக்கா, நீங்களும் அத்தானும் டிகிரி படித்தனீங்களா? இல்லையென்றால் அதையும் மகள் எழுத வேணும்.

எடிசன்_செல்வி

நான் பிளஸ் டூ. அவர் ஐடிஐ. எங்கள் இருவர் வீட்டிலும் டிகிரி வாங்கிய முதல் ஆள் மகள்தான். அதை எழுத ஒரு இடம் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. படிவத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்ததாம், இப்போது காட்டினாள். பணம் எழுதத்தான் கூச்சப்பட்டாள், இதை அவளே பெருமையாக நிரப்பிவிட்டாள்.

குறைந்த வட்டிக் கடன் என்று இருக்கிறதே, அது எவ்வளவு தேவலாம்?

நிதியுதவி_மேசை

நிறையவே தேவலாம். அந்தக் கடனுக்கு வட்டி 5 சதவீதம், நிலையானது. முழுநேரம் படிக்கும்வரை வட்டி ஓடாது, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். இதோடு ஒப்பிட்டால், 2025-26இல் மேற்படிப்பு மாணவர்களுக்கான சாதாரண மத்தியக் கடன் 7.94 சதவீதம், அது போதாதபோது கூடுதலாக வாங்கும் ப்ளஸ் என்ற மத்தியக் கடன் 8.94 சதவீதம். இரண்டிலும் பணம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். நான்கு வருடப் படிப்பில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

உதவித்தொகை கிடைத்தால், கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்கு என்று வருகிற பகுதி மகளுடைய வருமானமாகக் கணக்காகும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டன்_மீனா

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என் மகன் அடுத்த வருடம் மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பிக்கிறான். வருமானம் இந்த வரம்பைவிடக் கொஞ்சம் அதிகம். ப்ளஸ் கடனையே நிறுத்தப் போகிறார்கள் என்கிறார்களே, உண்மையா? விண்ணப்பச் செலவே ஆயிரக்கணக்கில் வரும் போலிருக்கிறது.

நிதியுதவி_மேசை

உண்மைதான் மீனா. இந்த 2025 ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மேற்படிப்பு மாணவர்களுக்கு ப்ளஸ் கடன் கிடையாது. மருத்துவம் மாதிரித் தொழிற்படிப்புகளுக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 என்று உச்சவரம்பு. செல்வி அக்கா மகள் இந்த ஆண்டே சேர்ந்து கடன் வாங்கினால், மீதி மூன்று ஆண்டுகளுக்கும் பழைய விதியில் தொடரலாம். உங்கள் மகனுக்குப் புது விதிதான். மேலே தேவைப்படும் பணத்துக்குத் தனியார் வங்கிதான் என்றாகிவிடும். அதனால் 5 சதவீதக் கடன்களுக்கும் உதவித்தொகைக்கும் இனி மதிப்பு கூடும். கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போதே எங்கே எது இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.

விண்ணப்பச் செலவுக்கு, மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி கட்டணச் சலுகை தருகிறது. அங்கே வரம்பு வறுமைக் கோட்டைப்போல நான்கு மடங்கு, அதனால் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான கட்டணம் குறையும், 20 கல்லூரிகள் வரை விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி. ஆனால் முன்கூட்டியே வாங்க வேண்டும், ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். எம்கேட்டுக்குப் பதிவு செய்வதற்கு முன்னால் போடச் சொல்லுங்கள்.

எடிசன்_செல்வி

படிவம், 2024 ரிட்டர்ன் நகல், க்ரீன் கார்டு நகல் மூன்றையும் இன்று காலை மகளே கல்லூரிக்கு அனுப்பினாள். பார்மசிக்கு மானியம் இருக்கிறதா, அடுத்த ஆண்டு தலைக்கணக்கை எப்படிப் பார்ப்பார்கள், முதல் தலைமுறை என்பதற்கு என்ன சான்று வேண்டும் என்று மூன்று கேள்விகளையும் மெயிலில் எழுதிவிட்டாள். மாமியாருக்கு எஸ்எஸ்என் கார்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது, ரிட்டர்ன் பைலில் எடுத்து வைத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

கணக்கர்_டல்லஸ்

நல்லது அக்கா. மாமியாருக்கு ஆகும் செலவின் ரசீதுகளை இந்த மாதத்திலிருந்தே ஒரு கவரில் போட்டு வாருங்கள். மருந்து, டாக்டர் பீஸ், இன்சூரன்ஸ். பாதிக்கு மேல் நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.